ஒரு கட்டில், இரண்டு ஷிப்ட்

பர்மிங்ஹாம்,
4 அக்டோபர் 1956

மதிப்பிற்குரிய லின்வல் அவர்களுக்கு,

நலமே. தாங்களும் நலம் என்பதை மெத்தையில் விழுந்திருக்கும் பள்ளத்திலிருந்து தெரிந்துகொள்கிறேன்.

பத்து மாதமாக ஒரே கட்டிலில் படுக்கிறோம். நான் பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கக் கிளம்பிய பிறகு தாங்கள் இரும்பு ஆலையிலிருந்து வந்து படுக்கிறீர்கள். ஞாயிறன்று அத்தை வீட்டுக்குப் போய்விடுகிறீர்கள். இன்னும் முகம் பார்த்ததில்லை. ஆகவே தலையணைக்கு அடியில் இந்தக் கடிதம். கட்டிலில் உட்கார்ந்து பொரித்த மீன் சாப்பிடுவதை நிறுத்துங்கள். நேற்று ஒரு முள்தான் என்னை எழுப்பியது. பார்படோஸில் நாங்கள் மேஜையில் வைத்துத்தான் சாப்பிடுவோம்.

தங்கள் உண்மையுள்ள,
டார்ன்லி

5 அக்டோபர்

அன்புள்ள சின்னத் தீவுக்காரரே,

முள் குத்தினால் பிடுங்கிப் போடும் ஐயா. உம்முடைய தீவை மடித்து எங்கள் ஜமைக்காவில் ஒரு மூலையில் செருகிவிடலாம். வாய் மட்டும் எவ்வளவு நீளம்!

விஷயத்துக்கு வருகிறேன். டிசம்பர் 8ஆம் தேதி என் மனைவி மெர்லீன் கப்பலில் வந்து இறங்குகிறாள். கல்யாணமான மூன்றாம் வாரம் அவளை விட்டுவிட்டு வந்தவன் நான். எனக்கே எனக்கென்று ஓர் அறை இருப்பதாக எழுதித் தொலைத்திருக்கிறேன். கட்டிலில் உம்மைப் பார்த்தால் அடுத்த கப்பலிலேயே திரும்பிவிடுவாள். அதற்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ளும்.

லின்வல்

29 அக்டோபர்

லின்வல் அவர்களுக்கு,

மூன்று ஞாயிறுகள், பதினோரு கதவுகள். என் கறுப்பு முகத்தைப் பார்த்ததும் எல்லோரும் "இப்பதான் வேற ஒருத்தர் எடுத்துட்டாருங்க" என்றார்கள். கடைசி வீட்டு அம்மாள் அப்படிச் சொல்லும்போது 'அறை காலி' என்ற அட்டை ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்தது. "அட்டையை எடுக்க மறந்துட்டீங்கம்மா" என்றேன். நன்றி சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். அட்டையை எடுக்கவில்லை. சிரித்துக்கொண்டுதான் திரும்பினேன். தெருமுனை தாண்டியதும் அழுதுவிட்டேன்.

ஆகவே நான் நகர்வதாக இல்லை. வேண்டுமானால் நீங்கள் போங்கள்.

டார்ன்லி

26 நவம்பர்

டார்ன்லி அண்ணா,

நானும் போய்ப் பார்த்தேன். எனக்கும் பத்தொன்பது கதவுகள் ஆயிற்று. உங்களைச் சீண்டியதற்கு மன்னியுங்கள்.

இரண்டு வருஷமாகிறது. மெர்லீன் முகம் மறந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. மீனை விட்டுவிட்டேன். தலையணை உறையைத் துவைத்துவிட்டேன். உங்கள் காலில் விழவும் தயார். கட்டிலில் உங்கள் கால் இருக்கும் நேரத்தில் நான் இருப்பதில்லை, அதுதான் சிக்கல்.

லின்வல்

3 டிசம்பர்

தம்பி லின்வல்,

தலையணைக்கு அடியில் இருந்த கடிதம் எனக்குத்தான் என்று பிரித்தேன். மெர்லீன் உனக்கு எழுதியது. தவறுதலாகப் பிரித்தேன், தவறுதலாகவே கடைசி வரை படித்தேன். "கப்பல் களைப்பு தீர உன் தோள்ல தலை வச்சு ராத்திரி முழுக்கத் தூங்கணும்" என்று எழுதியிருக்கிறாள். அதற்கப்புறம் இந்தக் கட்டிலில் எனக்குத் தூக்கம் வரவில்லையடா.

ஹாண்ட்ஸ்வொர்த்தில் ஓர் அறையில் இடம் கிடைத்திருக்கிறது. கூட இருப்பவர்கள் மூன்று பேர். மூன்று பேரும் ஜமைக்காக்காரர்கள். நான் என்ன பாவம் செய்தேனோ! விலாசம் பின்னால் இருக்கிறது.

ஒரே ஓர் ஆசை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு ஒரு வாய்ச் சோறு போடு. உன் முகத்தையும் பார்த்துவிடுகிறேன்.

டார்ன்லி

21 ஜனவரி 1957

அன்புள்ள அண்ணாவுக்கு,

மெர்லீன் வந்துவிட்டாள். முதல் நாளே எல்லா உண்மையையும் சொல்லிவிட்டேன். அரை நாள் என்னைத் திட்டினாள், மீதி அரை நாள் உங்களுக்காக ஜெபம் செய்தாள்.

பகல் ஷிப்ட் கேட்டுப் பார்த்தேன், மேஸ்திரி மறுத்துவிட்டார். அவளுக்கோ ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பகல் வேலை கிடைத்துவிட்டது. நான் வரும்போது அவள் கிளம்பியிருக்கிறாள், அவள் வரும்போது நான் கிளம்பியிருக்கிறேன். நீங்கள் படுத்த நேரத்தில் இப்போது அவள் படுக்கிறாள், அண்ணா. போன வாரம் தலையணைக்கு அடியில் ஒரு கடிதம் வைத்திருந்தாள். அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

உங்களுக்குச் சோறு போடாமல் இருப்போமா? திங்கட்கிழமை வாருங்கள், செவ்வாய்க்கிழமை வாருங்கள், எந்த நேரமானாலும் எங்களில் ஒருவர் இருப்போம். இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் லீவு கிடைப்பது ஞாயிறு ஒன்றுதான். கோபித்துக்கொள்ளாதீர்கள், அன்றைக்கு மட்டும் வந்துவிடாதீர்கள்.

உங்கள் தம்பி,
லின்வல்