கீழ்ப்பக்கம் எதுவென்று சொல்லித்தரக் கோரும் மனு

அனுப்புநர்:
பூவம்மாள், செல்லக்கண்ணுவின் மனைவி,
சிராங்கூன் ரோடு, சிங்கப்பூர்.

பெறுநர்:
மானேசர் அவர்கள்,
தமிழ்ப் பெண்பாடசாலை, சிராங்கூன் ரோடு.

பொருள்: தமிழ்ப் பாடமும் பூகோளப் பாடமும் ஒன்றையொன்று அறியாமல் நடப்பது குறித்து.

கனம் பொருந்திய ஐயா,

1. தங்கள் பாடசாலையில் மூன்றாம் வகுப்பு வாசிக்கும் சிவகாமசுந்தரி என் மகள். நான் பள்ளிக்கூடம் போனவளல்ல. பதிகப் புத்தகத்தை வைத்து நானாக எழுத்துக் கூட்டியவள். பிழையிருந்தால் பொறுக்கவேண்டும்.

2. சென்ற வெள்ளிக்கிழமை ஜாலான் புசாரில் ரத்தினம்மாள் என்பவர் புதுவீட்டில் பால் காய்ச்சினார். படிக்கிற பிள்ளை என்று என் மகளிடம் காமாட்சி விளக்கைக் கொடுத்து, கீழ்ப்பக்கம் பார்த்து வைக்கச் சொன்னார். அவர் பேச்சில் கீழ்ப்பக்கம் என்றால் கிழக்கு. என் மகளோ கடல் இருக்கும் தென்திசை பார்த்து வைத்து ஏற்றிவிட்டாள். "படிச்ச பொண்ணுன்னு விளக்கக் குடுத்தா, பால் காய்ச்சுற வீட்டுல எமனுக்கு வழி காட்டிட்டாளே" என்றார் ரத்தினம்மாள். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். "கீழன்னா தெக்குதானேம்மா, வாத்தியார் படத்துல காட்டுனாரே" என்று மகள் என்னைக் கேட்டாள். தலையைக் குனிந்தபடி அவளை அழைத்து வந்துவிட்டேன்.

3. திங்கட்கிழமை பாடசாலைக்கு வந்து பார்த்தேன். சுவரில் தொங்கும் தேசப்படத்தில் வடக்கு மேலே, தெற்கு கீழே. பூகோள உபாத்தியாயர் சொன்னதில் பிழையில்லை. கீழ்த்திசை என்றால் கிழக்கு என்று தமிழ் உபாத்தியாயர் சொன்னதிலும் பிழையில்லை. அதையும் அவள் சிலேட்டில் எழுதியிருக்கிறாள். இரண்டும் ஒரே பிள்ளையின் தலைக்குள் போகின்றன என்பதைத்தான் யாரும் நினைக்கவில்லை. கேட்டதற்கு, படம் தன் பாடமல்ல என்றார் ஒருவர். சொற்பொருள் தன் பாடமல்ல என்றார் மற்றவர். வீட்டுக் கணக்கில் நானும் அரிசியை ஒரு பக்கம், விறகை ஒரு பக்கம் எழுதுகிறவள்தான். மாதக் கடைசியில் கூட்டாமல் விட்டால் அது கணக்காகுமா?

4. ஊர் சிரித்ததைக் கேள்விப்பட்டு, மாசி பிறந்ததும் அவளைப் படிப்பிலிருந்து நிறுத்திவிடுவதாக என் கணவர் சொல்லிவிட்டார். இப்போதெல்லாம் சாயங்காலம் விளக்கேற்றச் சொன்னால், திரியைப் போட்டு என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள்.

5. ஆகவே இரு உபாத்தியாயர்களும் ஒரு காலைப்பொழுது சேர்ந்து, ஒரே பாடமாக நடத்தும்படி தாங்கள் உத்தரவிடவேண்டும். படத்தை இறக்கி முற்றத்தில் விரித்து, அதன் தலையை வடக்கே திருப்பி, பிள்ளைகளைச் சூரியனைப் பார்த்து நிற்கவைத்தால் போதும். கீழ், மேல் என்ற சொற்களுக்கு இடத்துக்கு இடம் பொருள் மாறுவது அவர்களுக்கே விளங்கும். அன்று என் கணவரையும் தாங்களே ஆள் அனுப்பி அழைக்கவேண்டும். நான் சொன்னால் வரமாட்டார்.

அதற்கு முன் அவர் வந்து பெயரை எடுக்கச் சொன்னால், ஏதாவது சாக்குச் சொல்லி நாளைக் கடத்தும்படி கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அன்றாடம் சாமி கும்பிடுகிற நான் தங்களைப் பொய் சொல்லக் கேட்பது வெட்கமாகத்தான் இருக்கிறது. கேட்காமல் இருக்க முடியவில்லை.

சிங்கப்பூர்,
கீலக வருஷம் தை மாதம் 12-ந் தேதி (ஜனவரி 1909)

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
பூவம்மாள்