அழுத்தாமல் விட்ட பதினொரு பேர்

மதிப்புக்குரிய அளவீட்டு ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நலமாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். நான் நர்ஸம்மாவின் மகள். போன மாதம் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நீங்கள் மருந்தறைக்குள் போனபோது, பெஞ்சில் படித்துக்கொண்டிருந்த என்னிடம்தான் அந்த எண்ணும் கருவியைக் கொடுத்தீர்கள். நோயாளி ஒருவர் உள்ளே வந்தால் ஓர் அழுத்து, தூங்கிடாதே பாப்பா என்றீர்கள்.

உங்கள் முடிவு வெள்ளிக்கிழமை வந்தது. தலைப்பு ‘செயல்திறன்’. அகராதியில் பார்த்தேன்: குறைந்த நேரத்தில் நிறைய வேலை முடிப்பதாம். ஆறு நிலையங்களில் எங்களுடையது கடைசி, நாற்பத்தேழு பேர். ஐந்தாவதைவிட நான்கு பேர் குறைவு. அதனால் இதை மூடிவிட்டு, பாலத்துக்கு அந்தப் பக்கம் உள்ள பெரிய ஆஸ்பத்திரியோடு சேர்க்கப்போகிறார்களாம். மருந்து கொடுக்கும் மாமா, நம்ம வேகத்துக்கு ஆமைகூட ஹாரன் அடிச்சு வழி கேக்கும் என்று சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. ஊசித் தட்டையே மூன்று முறை துடைத்தார்.

தவறு என்னுடையது ஐயா. நான் தூங்கவில்லை. அன்று பதினொரு மணிக்கு ஒரு கைக்குழந்தை வந்தது. அம்மா அதன் சட்டையை விலக்கி, ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணினார். இருமிக்கொண்டிருந்த பெரியவர்கூட துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். ஜன்னல் திரை ஏறி இறங்கியது, குழந்தையின் வயிறும் ஏறி இறங்கியது. அறையே தண்ணீருக்கடியில் இருப்பதுபோல இருந்தது. நானும் எண்ணினேன். அறுபத்து நான்கு. அது மிக அதிகமாம். ஆம்புலன்ஸ் வந்து குழந்தையை ஏற்றிக்கொண்டு போகும்வரை என் விரல் அசையவே இல்லை. யார் யாரோ வாசலில் நுழைந்தது கனவில் கண்டதுபோல ஞாபகம்.

அம்மாவின் பதிவேட்டில் அன்று ஐம்பத்தெட்டுப் பேர். பதிவேட்டை ஏற்கமாட்டோம், கண்ணெதிரே எண்ணியதுதான் கணக்கு என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். அதனால் பதினொன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள் என்று கேட்கவில்லை. இன்னொரு முறை வாருங்கள். புதன் வேண்டாம், அது தடுப்பூசி நாள், கூட்டம் தானாக வரும், நியாயமாக இருக்காது. சாதாரண நாளில் வாருங்கள்.

நான் அழுத்தாமல் விட்டதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. பதிவேட்டில் அடுத்த மாதப் பக்கங்களுக்கு இப்போதே கோடு போட்டுக்கொண்டிருக்கிறார்.

நேற்று அந்தக் குழந்தை வந்திருந்தது. மூச்சு இப்போது முப்பத்தெட்டுதான். என் விரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

வரும்போது நீங்களே அழுத்துங்கள் ஐயா. மூச்சு எண்ணும் நேரத்தில் வாசலையும் பார்த்துக்கொள்ளுங்கள். என்னால் இரண்டும் முடியவில்லை.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்,
பெஞ்சில் இருந்த பெண்