உதட்டுப் பாடம்

என்னங்க,

வகுப்புக்குக் கிளம்பிவிட்டேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிக்கொள்ளுங்கள். உங்கள் அக்கா வந்து மணி அடித்தால் திறக்க ஆளில்லை; நான் வீட்டில் இருந்தாலும் எனக்குக் கேட்காது. சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்திருக்கிறேன், அவரே திறந்து வரட்டும்.

காதோடு டெலிபோன் ஆபரேட்டர் வேலையும் போயிற்று. பேசுகிறவர்களின் உதட்டைப் படிக்கக் கற்றுக்கொண்டால் கிடங்கில் எடுத்துக்கொள்வதாக மேனேஜர் சொல்லியிருக்கிறார். அதனால்தான் வீட்டிலும் எல்லோர் வாயையும் பார்த்தபடி இருக்கிறேன். "ஏன் இப்படி முறைச்சுக்கிட்டே இருக்கே?" என்று பேப்பரில் எழுதி நீட்டினீர்களே, அது முறைப்பு இல்லை, வீட்டுப்பாடம்.

முந்தாநாள் நீங்கள் அக்காவிடம் போனில் பேசும்போது வாசலில் நின்றேன். "எல்லாமே பாரம்" என்று உங்கள் உதட்டில் படித்தேன். நேற்று டீச்சரிடம் கேட்டேன். அவர் பலகையில் எழுதிக் காட்டினார்: "ப, ம ரெண்டும் உதட்டுல ஒண்ணுதாம்மா. 'மாறும்'னு சொல்லியிருப்பார்." வீடு வரும்வரை அதையே பிடித்துக்கொண்டு வந்தேன்.

காலையில் கண்ணாடி முன்னால் நின்று இரண்டையும் சொல்லிப் பார்த்தேன். டீச்சர் சொன்னது சரி. உதடு கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் அசைகிறது. முகம்தான் வேறாக இருக்கிறது.

வர லேட்டாகும். காத்திருக்காமல் சாப்பிடுங்கள்.

பி.கு.: உங்கள் மாத்திரை பிரிட்ஜ் மேல் இருக்கிறது.

இன்னொன்று. முந்தாநாள் உங்கள் முகத்தையும் பார்த்தேன். இனி அக்காவிடம் பேசும்போது கொஞ்சம் திரும்பி நின்று பேசுங்கள்.