நட்சத்திரத்துக்குப் பின்னால் ஓர் இடைவெளி

மாட்டுங்கா
12.8.1987

அன்புள்ள வாப்பாவுக்கு, சாயிரா ஸலாம் சொல்லி எழுதுவது. இதை உம்மாவிடம்கூடக் காட்ட வேண்டாம், படித்ததும் கிழித்துவிடுங்கள். நான் நலம். உங்கள் முட்டுவலி எப்படி இருக்கிறது?

மாமாவின் கம்ப்யூட்டர் சென்டரில் கம்ப்யூட்டரை நடத்தும் யூனிக்ஸ் என்ற புரோகிராம் இருப்பதாக எழுதியிருந்தேனே. பள்ளி விட்டதும் அங்கேதான் இருப்பேன். ஒரே கம்ப்யூட்டரில் நான்கு பேர் தனித்தனித் திரையில் வேலை செய்யலாம், ஒருவர் வேலை மற்றவருக்குக் குறுக்கே வராது. அது எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆபரேட்டர் அக்தர் பானு அக்கா தன் பெயரிலேயே என்னை உள்ளே விடுவார். "இதுல அழிச்சா அழிஞ்சதுதான் புள்ள, நெசமாத்தானான்னு கேக்காது" என்பார்.

நேற்று பழைய ஃபைல்களை மட்டும் அழிக்கப் போய், நட்சத்திரக் குறிக்குப் பின்னால் ஓர் இடைவெளி அதிகமாக அடித்துவிட்டேன். நட்சத்திரம் தனியாக நின்றால் எல்லா ஃபைலையும் அழி என்று அர்த்தம். மாணவர்களின் மார்க் எல்லாம் போய்விட்டது. யார் உள்ளே இருந்தார்கள் என்று யூனிக்ஸ் குறித்து வைக்கும். அதில் பானு அக்கா பெயர்தான் இருக்கிறது. அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "நாளையிலேருந்து பானு வேலைக்கு வர வேண்டாம்" என்று மாமா இப்போதுதான் மாமியிடம் சொன்னார்.

நான் செய்தேன் என்று சொன்னால் மாமா என்னை இனி அந்தப் பக்கமே விடமாட்டார்.

கொஞ்சம் சுக்குப்பொடி அனுப்புங்கள், இங்கே கிடைப்பதில் காரமே இல்லை. பொட்டலத்தின் மேல் முகவரியை உம்மா கையால் எழுதச் சொல்லுங்கள்.

மாமா கதவைத் தட்டுகிறார். விளக்கு ஏன் எரிகிறது என்று கேட்பார். நான் சொல்லிவிடப் போகிறேன் வாப்பா