அம்மாவின் அன்னத்துக்கு அவர்கள் போட்ட பூட்டு

உத்தமபாளையம்,
வெள்ளிக்கிழமை மாலை 4 மணி

ஆத்தா அபிதாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நோய் நொடி இல்லாமல் இருக்கிறோம், அகமதாபாத் வெயிலில் நீயும் வாடாமல் இருக்க வேண்டும். இது உன் கைக்கு வரும்போது கடைசிப் பரீட்சை முடிந்திருக்கும், அதற்கு முன்னால் உன்னிடம் எதையும் சொல்லக்கூடாது என்பது அம்மா உத்தரவு. பத்து நாளாக அவள் போனில் கடை நல்லா ஓடுது, ஒண்ணும் குறையில்லை என்று சொன்னாளே, அத்தனையும் பொய். கடை ஓடவில்லை. காரணம் நான், ஆனால் நான் மட்டும் இல்லை, அதைத்தான் எழுதப்போகிறேன்.

அம்மாவின் எம்பிராய்டரி மெஷினோடு இருக்கிற கம்ப்யூட்டர் எந்த லட்சணத்தில் இருந்தது என்று உனக்குத் தெரியும். ஜாக்கெட் முதுகில் பாதி மயில் தைத்துக்கொண்டிருக்கும்போது அப்டேட் என்று தானாக அணைந்து எழும். வருகிறவர்களின் பென்டிரைவில் வரும் வைரஸ் வேறு. நான் வேலை பார்க்கிற காற்றாலையில் மூன்று வருடமாக லினக்ஸ் ஒருநாள்கூட மக்கர் பண்ணியதில்லை, வீட்டில் மட்டும் இந்தக் கொடுமை எதற்கு என்று, அம்மா ராயப்பன்பட்டிக்கு ஒரு விசேஷத்துக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை டிசைன் கோப்புகளை எல்லாம் வேறு டிஸ்க்கில் பத்திரமாக எடுத்துவைத்துவிட்டு விண்டோஸைத் துடைத்து லினக்ஸ் போட்டேன். சாயங்காலம் வந்தவள் திரையைப் பார்த்துவிட்டு, "இதத் தொடுறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீகளா?" என்றாள். எவ்வளவு வேகமா ஓடுது பார் என்றேன். வேகமாகத்தான் ஓடியது, டிசைன்தான் ஒன்றுகூடத் திறக்கவில்லை.

அம்மா டிசைன் வரைகிற அந்த மென்பொருளை விண்டோஸ் தவிர வேறு எதிலும் ஓடாத மாதிரிதான் செய்திருக்கிறார்கள். லினக்ஸுக்கு ஒன்று செய்யுங்கள் என்று உலகம் பூராவும் எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள் தெரியுமா, பத்து வருடமாக ஒரே பதில், பரிசீலிக்கிறோம். சரி, லினக்ஸில் இலவச நிரல் ஒன்று இருக்கிறது, யாரோ நல்லவர்கள் சம்பளம் வாங்காமல் எழுதியது, மெஷினுக்குப் போகிற தையல் கோப்பை அது திறக்கிறது. ஆனால் அதில் இருப்பது ஊசி எங்கெங்கே குத்த வேண்டும் என்ற புள்ளிகள் மட்டும், முப்பத்திநாலு அளவுக்குப் போட்டதை நாற்பதுக்குப் பெரிதாக்கினால் தையல் விலகி இடைவெளி விழுகிறது. அம்மா வரைந்த அன்னத்தை அப்படிப் பெரிதாக்கி ஒரு துணியில் தைத்துக் காட்டினேன். "இது அன்னமா, சொறி பிடிச்ச கோழியா?" என்றாள் உன் அம்மா. அளவு மாற்ற மூலக் கோப்பு வேண்டும், அதன் அமைப்பை அந்தக் கம்பெனி யாருக்கும் சொல்லாது. எனக்கு வயிறு எரிவது இங்கேதான். ஒன்பது வருடமாக ராத்திரி பகலாக உட்கார்ந்து வரைந்தது அவள், பூட்டும் சாவியும் அவர்களுடையதாம். பேப்பரில் வரைந்திருந்தால் எந்தப் பேனா என்று கேட்டுவிட்டா பேப்பர் திறக்கும்?

மூன்று நாள் வறட்டுப் பிடிவாதம் பிடித்துவிட்டு, சீ போ என்று விண்டோஸையே திரும்பப் போட்டேன். மென்பொருளும் ஏறியது. லைசென்ஸ் எண்ணைக் கொடுத்தால், இது ஏற்கெனவே வேறு கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கிறது என்கிறது. உதவி மையத்துக்குப் போன் போட்டேன், நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பையன் வந்தான். "சார், பழைய கம்ப்யூட்டர்ல போய் டீஆக்டிவேட் பட்டன அழுத்திடுங்க, அப்புறம் புதுசுல ஏத்திக்கலாம்" என்றான். தம்பி, பழையதும் இதுதான் புதியதும் இதுதான், ஒரே பெட்டி என்றேன். "இல்ல சார், எங்களுக்கு இது புது கம்ப்யூட்டர்னு காட்டுது." அந்தப் பழையதைத்தான் துடைத்துவிட்டேனே என்றேன். "துடைக்கிறதுக்கு முன்னாடி அழுத்தியிருக்கணும் சார்." சரி, உங்கள் பக்கமிருந்து விடுவிக்க முடியாதா என்றால், இந்தப் பதிப்புக்கு சப்போர்ட்டை நிறுத்திவிட்டார்களாம், வருடா வருடம் சந்தா கட்டுகிற புதுப் பதிப்புக்கு வாருங்கள் என்கிறான். வந்தால் பழைய டிசைன் அப்படியே திறக்குமா என்று கேட்டேன். "பெரும்பாலும் திறக்கும் சார்." பெரும்பாலுமாம்! காற்றாலையில் நூறடி உயரத்தில் நிற்கிறவனிடம் பெல்ட் பெரும்பாலும் தாங்கும் என்று நான் சொன்னால் விடுவார்களா?

இதற்கு நடுவில் வடுகபட்டிக் கல்யாணம். பெண் பெயர் திரிஷா, அவள் வீட்டுப் பெண்கள் பதினொரு பேருக்கும் அம்மா வரைந்த ஜோடி அன்னம், ஆளுக்கொரு அளவு. இந்த மாதிரி மொத்தமாக ஒரு கல்யாண வேலை அம்மாவுக்கு இதுதான் முதல் தடவை. எதிர்க்கடைச் சங்கிலியம்மாளுக்கு விஷயம் போய், பரிதாபப்படுகிற மாதிரி வந்து நின்றாள். "ஏ லதா, உங்க வீட்டுக்காரரு எஞ்சினியருன்னு சொன்னாக, அவுகளாலயே முடியலையா?" என்று என் காது கேட்கவே கேட்டாள். பிறகு விஷயத்துக்கு வந்தாள். வேலை மொத்தத்தையும் அவள் கடையில் கொடுத்துவிட வேண்டுமாம், அவள் ஆள் புதிதாக வரைவானாம், ஜாக்கெட்டில் அவள் கடைப் பெயர்ச் சீட்டுதான் வருமாம், அம்மா வேண்டுமானால் அங்கேயே தினமும் வந்து உட்கார்ந்து தைக்கலாமாம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லச் சொன்னாள். இன்றைக்குத்தான் அந்த வெள்ளி.

நேற்று சாயங்காலம்தான் எனக்கு உறைத்தது. அந்த லைசென்ஸ் இரண்டு கம்ப்யூட்டருக்கு, இரண்டாவது உன் லேப்டாப்பில் இருக்கிறது. அதிலும் லினக்ஸ் போட்டுத் தருகிறேன் என்று வருகிறபோதெல்லாம் உன்னை நச்சரித்தேன், படிப்பு முடியட்டும்பா என்று நீ விடவே இல்லை. நீ என் பேச்சைக் கேட்காததால் இந்த வீடு பிழைத்தது. உடனே போனை எடுத்தேன், எடுத்துவிட்டுக் கீழே வைத்தேன், பிறகு அம்மாவிடம் போய் அபியிடம் கேட்கலாமா என்று கேட்டேன். "சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் அவ காதுல இது விழக்கூடாது. அப்பறம் சொல்லுங்க" என்றாள். அப்படியானால் சங்கிலியம்மாளுக்கு என்ன பதில் என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனாள், நான் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "உங்க உதவி வேணாங்க்கா, எங்க வீட்லயே செஞ்சுருவோம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். கையில் ஒன்றுமே இல்லாமல் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள், அபி. நீ ஒருத்தி இருக்கிறாய் என்ற நம்பிக்கை மட்டும்தான்.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். அன்னத்தின் மூலக் கோப்பும் பதினொரு அளவுகளும் இத்துடன் வருகின்றன. திறந்து, ஒவ்வொரு அளவுக்கும் மாற்றி, மெஷின் கோப்பாக எடுத்து அனுப்பு, ஒரு மணி நேர வேலை, சாப்பிட்டுவிட்டுச் செய். ஞாயிறு காலையில் மெஷின் ஓட ஆரம்பித்தால்தான் கல்யாணத்துக்குள் முடியும். லைசென்ஸை எங்களுக்கு மாற்றித் தருகிறேன் என்று கிளம்பாதே, உன் டிசைன் படிப்புக்கும் அது வேண்டும், அந்தப் பையன்களை நம்பி உள்ளதையும் இழக்க வேண்டாம். அந்த லேப்டாப்பில் அப்டேட், ஃபார்மேட் எதுவும் பண்ணாதே, யார் கையிலும் கொடுக்காதே, நானே வந்து கேட்டாலும் கொடுக்காதே. கம்பெனிக்கு நான் நாலு பக்கம் புகார் எழுதியிருக்கிறேன், அதை விடப்போவதில்லை, அது தனிக் கதை.

தயிர் சேர்த்துக்கொள், வெறும் வயிற்றோடு வெயிலில் திரியாதே. நல்ல உடம்பும் நிறைந்த மனசுமாக நீ நூறு வருடம் இருக்க வேண்டும். எழுதி முடித்தாயிற்று, அனுப்பிவிடத்தான் கை துடிக்கிறது. ஆனால் இதை நாளை மத்தியானம் ஒரு மணிக்கு அம்மாவேதான் அனுப்புவாளாம். அதுவரைக்கும் என்னைக் கம்ப்யூட்டர் பக்கமே வரக்கூடாது என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

அன்புள்ள அப்பா,
பாண்டீஸ்வரன்