மக்னீசியத்தில் ஒரு கோடு

ஒக்டோபர் 2, வியாழன்
நேற்று ஆயுத பூஜைக்காக அப்பாவின் கவ்வாத்து மெசினைக் கழுவினேன். தேயிலைச் செடியை வெட்டும் அந்த மெசின் தோட்டத்துக்குச் சொந்தமானது. கை வழுக்கி, எஞ்சின் பக்கம் கல்லில் மோதியது. நசுங்கவில்லை, வளையவில்லை. வெட்டுத்தண்டு எஞ்சினோடு சேரும் இடத்தில் மட்டும் மயிர் மாதிரி ஒரு கோடு. அதன் மேல் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தேன். சாமிப் பொட்டை யார் அழிப்பார்கள்?

ஒக்டோபர் 8, புதன்
றொசானா டீச்சர் மக்னீசியக் கலப்புலோகம் படிப்பித்தார். கையில் தூக்கும் மெசின்களின் எஞ்சின் கூடு அதில்தானாம், அலுமினியத்தைவிட இலேசு.
"இரும்பு வளைஞ்சு காட்டிட்டு ஒடையும். இதுக்கு அந்தப் பொறுமை இல்ல, புள்ளைங்களா. சின்னக் கீறல் போதும், அதிர அதிர உள்ளுக்குள்ள வளரும். ஒருநாள் பட்டுன்னு போயிரும்."
எல்லோரும் எழுதினார்கள். என் கை ஓடவில்லை. அப்பா நாள் முழுக்க அந்த அதிர்வைத்தானே பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

ஒக்டோபர் 9
சொல்லவில்லை. அடிக்குப் பயமில்லை. தோட்டத்து மெசினை உடைத்தவர் என்று அப்பாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டால்?

ஒக்டோபர் 10, வெள்ளி
சொல்லிவிட்டேன். அப்பா அடிக்கவில்லை. பொட்டை விரலால் துடைத்துப் பார்த்தார். கோடு நீண்டிருந்தது. பிறகு அவரே சந்தனம் குழைத்து அதே இடத்தில் பூசினார்.
"வாயத் தொறக்காத. இடுப்பு வலின்னு சொல்லி மெசினைத் திருப்பிக் குடுத்துர்றேன்."

ஒக்டோபர் 13, திங்கள்
மெசினை இப்போது செல்லசாமி மாமாவிடம் கொடுத்திருக்கிறார்கள். பக்கத்து வீடு. என் வகுப்பு சர்மிளாவின் அப்பா. பள்ளிக்குப் போகும்போது கூப்பிட்டுக் காட்டினார்.
"பாரு புள்ள, ஒங்கப்பன் இடுப்பு புடிச்சதுல எனக்குப் பொட்டு வச்ச புதுப்பொண்ணு கெடச்சிருக்கு!"
நானும் சிரித்தேன். ஐயோ, ஏன் சிரிச்சேன்?

ஒக்டோபர் 14
"மாமாகிட்ட மட்டுமாவது சொல்லுங்கப்பா."
"நாளைக்கு."

ஒக்டோபர் 15
பட்டுன்னு போயிருச்சு.

ஒக்டோபர் 22, புதன்
சர்மிளா பள்ளிக்கு வந்தாள். வெட்டுத்தகடு பாய்ந்த மாமாவின் வலது பாதத்தில் பாதியை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்களாம். கவனமில்லாமல் மெசினைப் பிடித்தார் என்று தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டாராம்.
"ஒங்கப்பாதான்டி ரோடு வரைக்கும் தூக்கிட்டு ஓடுனாரு. அவரு இல்லாட்டி எங்கப்பா இல்ல."
இடைவேளையில் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து நீட்டினாள்.
வாங்கித் தின்றேன்.