வே. அங்கம்மா, தி. அங்கம்மா

வேப்பம்பட்டு,
ஐப்பசி 10, ஞாயிற்றுக்கிழமை.

டப்ளின் மாநகரை ஒற்றைக் குடையின் கீழ் ஆண்டுவரும் அருள்மொழிக்கு (அங்கே நித்தம் மழை என்று நீ சொன்னதால்தான் குடை), திருவள்ளூர் ரயில் தடத்தின் முடிசூடாச் சக்கரவர்த்தியும் உன் அம்மாவின் ஒரே தம்பியுமான வே. முனியன் எழுதிக்கொண்டது. இங்கே மழை, கொசு, நான் மூவரும் சௌக்கியம். அம்மாவைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

வாட்சப் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று கேட்பாய். வாட்சப்பில் நான் எட்டு முழத்துக்கு எழுதினாலும் நீ ஒரு சிவப்பு இதயத்தை அனுப்பிவிட்டுப் போய்விடுகிறாய். போன மாதம் மட்டும் எனக்குப் பதினேழு இதயம் வந்தது. உன் அம்மாவுக்கு இருப்பது ஒன்று. அதில் ஒரு வால்வு வேலை செய்யவில்லை.

உன்னிடம் வெறும் மூச்சிரைப்பு என்று சொல்லச் சொன்னவள் அவள்தான். நானும் சொன்னேன். பொய் சொல்வதில் எனக்கு நாற்பது வருட அனுபவம் என்பது உனக்குத் தெரியும். இப்போது சொல்வது உண்மை. வால்வை மாற்ற வேண்டும், கார்த்திகை தாண்டக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். டாக்டர் கையெழுத்து எனக்கே புரிந்தது என்றால் அவர் எவ்வளவு அழுத்தி எழுதியிருப்பார், பார்த்துக்கொள்.

சரி, உன் புகழுக்கு வருவோம்.

அம்பத்தூரில் என் பிரவுசிங் சென்டரின் மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து நீ எழுதினாயே ஒரு லைப்ரரி, நினைவிருக்கிறதா? லைப்ரரி என்றதும் நான் புத்தகம் எங்கே என்று கேட்டேன். சின்ன நிரல் மாமா, மற்றவர்கள் எடுத்துத் தங்கள் நிரலுக்குள் செருகிக்கொள்ளலாம் என்றாய். நம் ஊர்ப் பெயர்களின் இனிஷியலைச் சரிபார்ப்பது அதன் வேலை. அதற்குத் 'தலையெழுத்து' என்று பெயர் வைத்த மேதை நான். தமிழ்நாடே ஒருநாள் இதன் முன் கைகட்டி நிற்கும் என்று ஜெராக்ஸ் மெஷின் மேல் அடித்துச் சத்தியம் செய்தேன். ஜெராக்ஸ் மெஷின் அன்றே பழுதானது. சத்தியம் பலித்துவிட்டது.

அதற்கு ஒரு லைசென்ஸ் போட வேண்டும் என்று இரண்டு தாளை நீட்டினாய். ஒன்று ஜி.பி.எல். எடுத்துக்கொள், ஆனால் இதை வைத்து நீ செய்ததையும் ஊருக்குத் திறந்து காட்டு என்கிற ரகம். பின்னாலிருந்து படித்தால் எல்.பி.ஜி., கேஸ் சிலிண்டர் மாதிரி இருக்கிறது, வெடிக்கும், வேண்டாம் என்றேன். இன்னொன்று எம்.ஐ.டி. என்ன வேண்டுமானாலும் செய், மூடி வைத்துக்கொள், விற்றுக்கொள், என் பெயரை மட்டும் அழிக்காதே என்கிற ரகம். எம்.ஐ.டி. என்ற மூன்றெழுத்தைப் பார்த்ததும் என் நெஞ்சு விம்மியது. குரோம்பேட்டையில் எனக்கு சீட் தராமல் துரத்திய அதே எம்.ஐ.டி.! "எனுக்கு தான் கதவ சாத்துனானுங்க, உனக்காவது முத்திரை குத்தட்டும், போடு கண்ணு" என்று முழங்கினேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அது அமெரிக்காவில் இருக்கும் வேறு எம்.ஐ.டி. என்று அன்று சொல்லவில்லை. சிரித்த கையோடு அதையே போட்டுவிட்டாய். மாமன் சந்தோஷத்துக்காகப் போட்டாயா, எது போட்டால் என்ன என்று போட்டாயா, எனக்கு இன்றுவரை தெரியாது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி அதை எடுத்துக்கொண்டது. இப்போது அவர்கள் மென்பொருள்தான் இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரி, காப்பீட்டு கவுன்டர் எல்லாவற்றிலும் ஓடுகிறது. ஆவடி முதல் ஐயப்பன்தாங்கல் வரை யார் பிழைக்கலாம், யார் காத்திருக்கலாம் என்று உன் நிரல்தான் முதலில் பார்க்கிறது. எமதர்மராஜன்கூட உன்னிடம் லைசென்ஸ் வாங்கித்தான் கயிறு வீசுகிறானாம்.

பூந்தமல்லி ரோட்டு ஆஸ்பத்திரிக்கு அம்மாவைக் கூட்டிப்போனேன். எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் காலர் தைத்ததற்கு அவளிடம் ஒரு காப்பீட்டு அட்டை இருக்கிறது. அதில் வே. அங்கம்மா, எங்கள் அப்பா வேலாயுதத்தின் எழுத்து. ஆதாரில் தி. அங்கம்மா, உன் அப்பா தினகரனின் எழுத்து. அந்த மகாபுருஷன் ஓடிப்போகும்போது எடுத்துப்போக மறந்த ஒரே பொருள் அதுதான். கவுன்டரில் சௌம்யா என்று ஒரு பெண். இரண்டையும் தட்டினாள். நாலே விநாடி. "ரெண்டும் வேற வேற ஆளுன்னு காட்டுதும்மா" என்றாள்.

அம்மா அந்தப் பெண்ணைப் பார்த்துக் கேட்டாள், "அப்போ மூச்சு வாங்கறது எந்த அங்கம்மாவுக்கு, கண்ணு?" வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது?

கிராம அலுவலரிடம் போய் 'இருவரும் ஒருவரே' என்று சான்று வாங்கி ஏற்றினேன். நிரலுக்குச் சான்று படிக்கத் தெரியாதாம். இரண்டு எழுத்து பார்க்க மட்டும்தான் தெரியுமாம். மறுபடி நாலு விநாடி. மூன்று முறை போட்டேன், மூன்று முறையும் அதே நாலு விநாடி. உன் வேலை சுத்தம்.

விடுவானா முனியன்? அக்காவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அந்தக் கம்பெனிக்கே படையெடுத்தேன். லிப்ட் பழுது. இரண்டாவது மாடிக்கு அவள் ஏற முக்கால் மணி நேரம் ஆயிற்று, இமயமலை ஏறுபவர்கள்கூட அத்தனை இடத்தில் உட்காரமாட்டார்கள். ஸ்ரீகாந்த் என்று ஒரு மேனேஜர், மரியாதையான ஆள், ஏசி போட்டான், தண்ணீர் கொடுத்தான். இதைத் திருத்துங்கள் என்றேன். இதை எழுதியவர் புதிய பதிப்பில் திருத்திவிட்டார், கல்யாணமான பெண்ணுக்கு இரண்டு எழுத்து இருக்கலாம் என்று மாற்றியிருக்கிறார் என்று அவனே சொன்னான். எனக்கு உயிர் வந்தது. "ஆனா நாங்க பழசுல தான் கீறோம் சார். ஓடிகினு இருக்கறத தொட்டா எல்லாத்தையும் மறுபடி சோதிக்கணும். அடுத்த வருசம் பார்க்கலாம்" என்றான்.

உள்ளே இருப்பதையாவது காட்டு, எந்த வரி என்று நானே சொல்கிறேன் என்றேன். காட்டவேண்டிய கட்டாயம் இல்லையே என்று சிரித்துக்கொண்டே உன் லைசென்ஸையே எடுத்து எனக்குப் படித்துக் காட்டினான். 'உள்ளது உள்ளபடி தரப்படுகிறது. எந்த உத்தரவாதமும் கிடையாது. விளையும் எந்தச் சேதத்துக்கும் பொறுப்பில்லை.' ஆங்கிலத்தில் அத்தனையும் பெரிய எழுத்தில் இருந்தது. அவன் தமிழில் சொல்லச் சொல்ல அம்மா தலையாட்டிக்கொண்டே கேட்டாள்.

ஆனாலும் இரக்கப்பட்டோ என்னவோ, அந்த ஒரு இடத்தை மட்டும் திரையில் திருப்பிக் காட்டினான். 'எழுத்து வேறானால் ஆள் வேறு.' அதன் பக்கத்தில் நீ தமிழிலேயே ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தாய்: 'மாமா சொன்னது.'

ஆமாம், நான்தான் சொன்னேன். ஒரு கன்னியம்மாளின் ரேஷன் கார்டை வேறு கன்னியம்மாளுக்குப் பிரிண்ட் போட்டுக் கொடுத்து, அவள் மகனிடம் கடை வாசலில் திட்டு வாங்கிய அன்று சொன்னேன். "இனிமே எழுத்து வேறன்னா ஆள் வேற! இது முனியன் சட்டம், எழுதிக்கோ!" நீ எழுதிக்கொண்டாய். இத்தனை வருடத்தில் நான் சொன்னதை யாராவது அப்படியே கேட்டது அந்த ஒருமுறைதான்.

ஸ்ரீகாந்த் என்னைத் திரும்பிப் பார்த்து, "யார் சார் இந்த மாமா?" என்று கேட்டான்.

தெரியாது என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அவனிடம், எழுதியவர் பெயர் எங்கே போட்டிருக்கிறது என்று கேட்டாள். லைசென்ஸின் தலையில் இருந்தது: அ. அருள்மொழி. அழிக்கக் கூடாது என்ற உன் ஒரே நிபந்தனையை அந்தக் கம்பெனி அட்சரம் பிசகாமல் காப்பாற்றியிருக்கிறது. தினகரன் எழுத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு நீ அவள் எழுத்தை வைத்துக்கொண்டது அவளுக்குத் தெரியாது. எனக்கும் அங்கேதான் தெரிந்தது. அந்த 'அ' மேல் விரலை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள் என்கிறாய்! "எம் பொண்ணு எழுதுனதுங்க இது. நல்லா தான் எழுதி இருப்பா" என்று அந்த மேனேஜரிடம் சொன்னாள். அவன் முகம் போன போக்கைப் பார்க்க நீ இருந்திருக்க வேண்டும். படி இறங்கும்போது என்னிடம், "இதெல்லாம் அவளுக்கு எழுதாதடா. அவ எழுதுனதால தான்னு நெனச்சிக்கினு அழுவா" என்றாள்.

எழுதிவிட்டேன். அழு. நான் மட்டும் அழுதால் போதாது.

அரசு ஆஸ்பத்திரியில் பதிந்திருக்கிறேன். அங்கே அவளை ஒரே ஆளாகத்தான் பார்த்தார்கள், ஆனால் வரிசை பெரிது. தை மாதம் ஏழாம் தேதிக்கு எழுதியிருக்கிறார்கள். கார்த்திகைக்கும் தைக்கும் நடுவில் ஒரு மார்கழி இருக்கிறது. நான் இதுவரை அளந்த கதைகளை அடுக்கினால் செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பும், ஆனால் அந்த ஒரு மாதத்தைத் தாண்ட என்னிடம் கதை இல்லை.

லைசென்ஸை இப்போது மாற்றிப் போடலாமா என்று பக்கத்துத் தெரு பரத்திடம் கேட்டேன். அவனும் உன்னைப் போல் கம்ப்யூட்டர்காரன். ஒருமுறை கொடுத்தது கொடுத்ததுதான், இனிமேல் எழுதுவதற்கு வேண்டுமானால் மாற்றலாம் என்றான். ஆகவே அந்தக் கம்பெனிக்கு நீண்ட கடிதம் எழுதலாம் என்று உட்காராதே. திருத்திய பதிப்பை அனுப்பி வைக்கிறேன் என்றும் சொல்லாதே. இதயமும் அனுப்பாதே.

போனில் கேட்டால் அவள் நன்றாக இருப்பதாகத்தான் சொல்வாள். அந்த அங்கம்மா எப்போதும் நன்றாகத்தான் இருப்பாள். இன்னொருத்தி இப்போது சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்குகிறாள், படுத்தால் மூச்சு முட்டுகிறது. உன் கணக்குப்படி இரண்டு பேர். ஒருத்தியாவது இருக்கும்போது வா.

நீ நீடூழி வாழ்க, உன் பெயர் எங்கும் அழியாதிருக்க. இந்த ஆசீர்வாதத்துக்கு நான் பொறுப்பேற்கிறேன்.

இப்படிக்கு,
அந்த மாமா,
வே. முனியன்